கால் பங்கு சோறு, வயிறு நிறைய சாப்பாடு... வீட்டிலேயே செய்யலாம் சிக்கன் புரிட்டோ பவுல்!

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம், ஒரு கரண்டி சோறு.

அப்பாவுக்கு 58 வயது. எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். நெல் விளைகிற ஊரில் பிறந்த மனுஷனுக்குச் சோறு என்பது வெறும் உணவு இல்லை, அது மரியாதை. மதியமும் இரவும் சோறு இல்லாவிட்டால், அன்றைக்குச் சாப்பிட்ட கணக்கிலேயே வராது. அப்படிப்பட்டவருக்கு ரத்தப் பரிசோதனையில், மூன்று மாத சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி அளவு 8.4 என்று வந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், ``சோத்தைக் குறைங்க'' என்றார்.

அம்மா அதை அப்படியே செய்தார். நான்கு கரண்டி சோறு ஒரு கரண்டியானது. தட்டில் வேறு எதுவும் மாறவில்லை. அதே சாம்பார், அதே தொட்டுக்கொள்ளும் அளவு பொரியல். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் அப்பா. எட்டாவது நாள் ராத்திரி, ``இதுக்குச் சாப்பிடாமலே படுத்துடலாம்'' என்று எழுந்துவிட்டார். கோபத்தில் சாப்பாட்டைத்தான் விட்டார், மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

இரவு இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் 58 காட்டியது. அம்மா பதறிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். சென்னையில் இருந்த எனக்கு விடிந்த பிறகுதான் போன் வந்தது. அன்றைக்கு ஆபீஸில் நான் என்ன எழுதினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

மறுநாள் டாக்டர் சொன்ன வாக்கியம்தான் இந்த வாரப் பகுதிக்கே காரணம். ``நான் சோத்தைக் குறைக்கச் சொன்னேன். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லலையே!''

சோறு போன இடத்தில் என்ன வைப்பது?

எங்கள் வீட்டுப் பிரச்னை பல வீடுகளில் இருக்கும். இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரைநோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்னது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கான கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் தட்டில் பெரும்பாலும் தாண்டும். தாண்டாமல் இருக்கச் சோற்றைக் குறைத்தால் மட்டும் போதாது. காலியான இடத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று பசிக்கும், இல்லை சண்டை வரும்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது, சென்னையில் நான் வாரத்துக்கு இரண்டு முறை ஆர்டர் செய்து சாப்பிட்டுக்கொண்டிருந்த புரிட்டோ பவுல். `ஹெல்தி' என்று போட்டிருந்ததால் நிம்மதியாகச் சாப்பிட்டுவந்தேன். அப்பா விஷயத்துக்குப் பிறகு, ஒருநாள் டப்பாவைத் திறந்து, கிச்சன் தராசில் ஒவ்வொன்றாக எடைபோட்டேன். பாதிக்கு மேல் சோறு. மேலே நாலைந்து துண்டு சிக்கன், கொஞ்சம் ராஜ்மா, இரண்டு குட்டி டப்பாக்களில் மயோனைஸ் சாஸ். காய்கறி என்று பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இல்லை. அதாவது, அப்பாவின் தட்டுதான். பெயர் மட்டும் ஸ்டைலாக இருந்தது. விலை 300 ரூபாய்க்கு மேல்!

அதே பவுலை நாமே செய்தால், எது எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம்.

குட்டிக் கழுதையின் கதை

`புரிட்டோ' என்றால் ஸ்பானிய மொழியில் குட்டிக் கழுதை. வடக்கு மெக்சிகோவில், கோதுமை மாவில் செய்த டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்குள் இறைச்சி, பீன்ஸ் எல்லாம் வைத்துச் சுருட்டிச் சாப்பிடும் உணவு இது. ஆனால், கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடும் புரிட்டோ பவுல் மெக்சிகோவின் பாரம்பரிய உணவு அல்ல. அது அமெரிக்க உணவகங்களில் பரவியது. மாவுச்சத்தைக் குறைக்கும் டயட் அங்கே பரபரப்பாக இருந்த நேரத்தில், 2003-ல் சிபோட்லே நிறுவனம் ரொட்டியை எடுத்துவிட்டு, உள்ளே வைப்பதை மட்டும் கிண்ணத்தில் கொடுத்தது. அவர்களின் பெரிய டார்ட்டியா ஒன்றில் மட்டுமே 320 கலோரி.

இந்தக் கிண்ணத்தில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், ராஜ்மா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் அடுப்படிக்கு வந்தவை. அரிசியும் கொத்தமல்லியும் ஸ்பானியர்கள் வழியாக அங்கே போனவை. அவகாடோ என்று மெனு கார்டில் மிரட்டுவது, நம் ஜூஸ் கடை பட்டர் ஃப்ரூட்தான்.

அளவுதான் ரகசியம்

கிண்ணத்தை மனதுக்குள் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு காய்கறி, ஒரு பங்கு சிக்கனும் ராஜ்மாவும், ஒரு பங்கு மட்டும் சோறு. அமெரிக்க நீரிழிவு சங்கம் பரிந்துரைக்கும் தட்டு முறையும் இதே கணக்குதான். ஸ்வீட் கார்னையும் சோற்றோடு சேர்த்தே கணக்கு வைக்க வேண்டும், அதுவும் மாவுச்சத்துதான்.

தேவையானவை (4 பேருக்கு)

சிக்கனுக்கு: தோல் நீக்கிய எலும்பில்லாத சிக்கன் - அரை கிலோ, காஷ்மீரி மிளகாய்த்தூள் - ஒன்றரை டீஸ்பூன், சீரகத்தூள் - ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் - அரை டீஸ்பூன், நசுக்கிய பூண்டு - 6 பல், எலுமிச்சைச் சாறு - ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு - முக்கால் டீஸ்பூன், எண்ணெய் - 2 டீஸ்பூன், ஓரிகானோ - அரை டீஸ்பூன்.

கிண்ணத்துக்கு: அரிசி - முக்கால் கப், ராஜ்மா - அரை கப், குடமிளகாய் - 2, பெரிய வெங்காயம் - ஒன்று, மெல்லியதாக நறுக்கிய முட்டைகோஸ் - 2 கப், வேகவைத்த ஸ்வீட் கார்ன் - 8 டேபிள்ஸ்பூன், பட்டர் ஃப்ரூட் - ஒன்று, கெட்டித்தயிர் - அரை கப், காய்கறி வதக்க எண்ணெய் - ஒரு டீஸ்பூன்.

சல்சாவுக்கு: கெட்டியான தக்காளி - 3, சின்ன வெங்காயம் - 8, பச்சை மிளகாய் - ஒன்று, கொத்தமல்லி - ஒரு கைப்பிடி, எலுமிச்சை - பாதி, உப்பு - 2 சிட்டிகை.

ஓரிகானோவுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பீட்சாவோடு வந்த பாக்கெட்டுகள் ஃப்ரிட்ஜ் கதவில் கிடக்கும், பாருங்கள். அதுவும் இல்லையென்றால், தொட்டியில் இருக்கும் ஓமவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். ஆங்கிலத்தில் அதற்கு மெக்சிகன் மின்ட் என்றே ஒரு பெயர் உண்டு!

செய்வது எப்படி?

ராஜ்மா: முதல் நாள் இரவே ஊற வையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் 5, 6 விசில் விட்டு, பிறகு 10 நிமிடம் சிறுதீயில் வையுங்கள். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கை வரவழைக்கும். அதனால் இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

சிக்கன்: நெஞ்சுக்கறியாக இருந்தால், தடிமனைக் குறுக்காக வெட்டி இரண்டு மெல்லிய துண்டுகளாக்குங்கள். மசாலா தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சை சேர்ந்திருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் கறியின் பதம் கெட்டுவிடும். இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒரு பக்கம் 4, 5 நிமிடம் தொடாமல் விடுங்கள். பொன்னிறம் வந்ததும் திருப்பிப் போட்டு இன்னொரு 4, 5 நிமிடம். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. தட்டில் எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, பிறகு நறுக்கினால் சாறு வெளியேறாது.

முதல் முறை நான் செய்தபோது அரை கிலோவையும் ஒரே நேரத்தில் கல்லில் கொட்டினேன். தண்ணீர் விட்டு, வறுவலும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் ஒன்று வந்தது. ரூம்மேட்ஸ் பாவம், நாகரிகமாகச் சாப்பிட்டார்கள்.

காய்கறி: அதே கல்லில் எண்ணெய் விட்டு, நீளமாக நறுக்கிய வெங்காயம், குடமிளகாயைப் பெருந்தீயில் 2, 3 நிமிடம் மட்டும் புரட்டுங்கள். கடித்தால் மொறுமொறுப்பு இருக்க வேண்டும். சிக்கன் விட்டுச்சென்ற மசாலா இதில் ஒட்டிக்கொள்ளும்; தனி உப்பு தேவையில்லை. முட்டைகோஸ் பச்சையாகவே இருக்கட்டும். விலை அதிகமான லெட்யூஸ் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சோறு: அரிசியை வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, நறுக்கிய கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் போதும். ஆளுக்கு அரை கப்புக்குச் சற்று மேல் வரும்.

சல்சா, தயிர்: தக்காளி விதைப்பகுதியை நீக்கிவிட்டு, சல்சாவுக்கான எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலக்கவும். மயோனைஸுக்கும் சார் க்ரீமுக்கும் பதில், கெட்டித்தயிரைத் துணியில் ஒரு மணி நேரம் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அடுக்க வேண்டியதுதான். அடியில் சோறு, ஒரு பக்கம் ராஜ்மா, ஒரு பக்கம் சிக்கன், மீதி இடமெல்லாம் காய்கறி. மேலே சல்சா, 2 டேபிள்ஸ்பூன் கார்ன், கால் பட்டர் ஃப்ரூட், ஒரு ஸ்பூன் தயிர். நெஞ்சுக்கறியில் செய்தால், ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 500 முதல் 550 கலோரியும், 35 கிராமுக்கு மேல் புரதமும் கிடைக்கும்.

சோறு அடியில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கை முதலில் காய்கறிக்கும் சிக்கனுக்கும்தான் போகும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்துக்கு வந்தால், சாப்பிட்ட பிறகு சர்க்கரை சட்டென ஏறுவது குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கவனிக்க...

* சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றின் அளவைப் பெரிதாகக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

* சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் புரதம், பொட்டாசியம் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

* ஆபீஸ், காலேஜுக்கு எடுத்துப்போவதென்றால் சல்சாவையும் தயிரையும் தனி டப்பாவில் வையுங்கள். முதல் நாளே சமைப்பதானால், சோறு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சோற்றைச் சூடுபடுத்தினாலும், அதில் உருவான நச்சு போகாது.

* பட்டர் ஃப்ரூட் விலை கட்டுப்படியாகவில்லையா? விட்டுவிடுங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு டேபிள்ஸ்பூன் தூவினால் ருசி வேறு, ஆனால் நன்றாகவே இருக்கும்.

* சைவம் என்றால் சிக்கனுக்குப் பதில் பனீர், மசாலா அதேதான்.

அப்பா என்ன சொன்னார்?

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது செய்துகொடுத்தேன். கிண்ணத்தை முன்னால் வைத்ததும், ``என்னம்மா இது, மாட்டுக்கு வைக்கிற மாதிரி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வெச்சிருக்க?'' என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தார். சிக்கன் தீர்ந்தது. காய் தீர்ந்தது. அடியில் இருந்த சோற்றை ராஜ்மாவோடு பிசைந்து கடைசி வாய் வரை சாப்பிட்டுவிட்டு, ``ரசம் இருந்தா ஊத்து'' என்றார். புரிட்டோ பவுலுக்கு ரசம்! ஊற்றினேன்.

இந்தப் பவுலால் அப்பாவின் சர்க்கரை இறங்கியது என்று எழுத மாட்டேன். மாத்திரையை டாக்டர் மாற்றிக்கொடுத்தார், அப்பா காலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறார். கடைசிப் பரிசோதனையில் 7.3. ஆனால், அன்றைக்குப் பிறகு அவர் ஒருநாளும் சாப்பிடாமல் படுக்கவில்லை. எனக்கு அது போதும்.

இப்போது அம்மா எல்லா நாளும் இதே கணக்கில்தான் பரிமாறுகிறார். சாம்பார் சாதத்துக்குக்கூட ஒரு பங்கு சோறு, இரண்டு பங்கு பொரியல். சனிக்கிழமை இரவு அப்பாவிடமிருந்து போன் வந்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: ``ராஜ்மா ஊறப்போட்டாச்சும்மா.''