ஆவாரம்பட்டையும் ஆற்றின் கணக்கும்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சமவெளியில், உழவுக்கு உதவாத சரளை நிலத்திலும் ஏரிக்கரைப் புறம்போக்கிலும், யாரும் நீர் வார்க்காமலே பொன்மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை, பொங்கலுக்கு முன் காப்புக் கட்டப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஒடித்து வருவதும், சர்க்கரை வியாதிக்காரர்கள் பொடியாக வாங்கிக் குடிப்பதும் தவிர, அதனால் வேறொரு பிரயோஜனம் இருந்ததென்பதை நம்மவர் ஏறக்குறைய மறந்தே போனார்கள். தெலங்கானா இதே பூவை மாநில மலராக்கிக் கௌரவித்திருக்கிறது. நமக்கு இது புறம்போக்குச் செடி.

பூவிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்ததுண்டு. எனினும் இச்செடியின் பெருஞ்செல்வம் பட்டையில் இருந்தது. துவர்ப்புச் சத்து மிகுந்த அந்தப் பட்டையை ஊறவைத்த நீரில் பதப்பட்டு, வெயிலில் சிவந்துவிடாதிருக்கக் கடைசியில் கடுக்காய் நீரிலும் தோய்க்கப்பட்ட சென்னை ராஜதானித் தோல்தான் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சந்தையில் பிரசித்தி பெற்றிருந்தது; முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கும் அது பயன்பட்டது. ஆனால் 1903இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோமியப் பதனிடலைப் பரீட்சித்தார். பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் வேல இன மரத்தின் பட்டை கப்பலேறி வந்தது. வேகமும் விலையும் சேர்ந்து நம் கரட்டுச் செடியை ஒதுக்கின. சாயத்திலும் இதே கதைதான்: 1856இல் ஆங்கில ரசாயன நிபுணர் பெர்க்கின் கண்ட செயற்கைச் சாயத்துக்குப் பின், பூவைப் பறித்துக் காய்ச்சுவதற்கு எவருக்குப் பொறுமை இருக்கும்?

அந்த மலிவு மெய்யான மலிவுதானா என்பதே என் கேள்வி. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சாயப்பட்டறைக் கழிவு காவிரியில் கலப்பதும், அனுமதியற்ற பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், திருமணிமுத்தாற்றில் நுரை பொங்குவதும் பத்திரிகை வாசிப்போருக்குப் புதிய சமாசாரமல்ல. 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் நினைவிருக்கும். சாயத்தூள் குறைந்த விலைக்குக் கிடைப்பதாக நாம் எண்ணுவதெல்லாம், அதன் விலையில் ஒரு பகுதியை ஆறும் ஆற்றோரக் குடியானவனும் செலுத்திவருவதனால்தான்.

பழமைக்கே திரும்புவோம் என்று முழங்குவோர் கட்சியில் நான் சேரவில்லை. விசைத்தறியில் நாள்தோறும் இறங்கும் துண்டுக்கும் லுங்கிக்கும் பூச்சாயம் ஏற்றப் புகுந்தால், இரு ஜில்லா ஆவாரையும் ஒரு பருவத்தில் மொட்டையாகிவிடும். தவிர, ஆவாரை தருவது மஞ்சளும் அதைச் சார்ந்த சில வர்ணங்களும் மட்டுமே. படிகாரம் சேர்த்தாலன்றி அதுவும் இழையில் நன்றாகப் பிடிக்காது. ஆனால் சேலம் வெண்பட்டு வேஷ்டியின் கரைக்கும், விலை கொடுத்து வாங்குவோர் இருக்கும் கைத்தறிப் புடவைக்கும் இது பொருந்தாதென்று சோதித்துப் பாராமல் சொல்வது நியாயமாகாது. மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலில் வெளிறுமென்பது வீட்டுப் பெண்களும் அறிந்தது. ஆவாரையின் யோக்கியதை என்ன?

சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நடைபெற்று வருகிறது. ஆவாரஞ்சாயம் ஏற்றிய பட்டு எத்தனை சலவைக்குத் தாங்கும், கஜத்துக்கு அடக்கவிலை என்ன, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவையும் கூட்டிய ரசாயனச் சாயத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு என்று அங்குள்ளோர் ஒரு கணக்கெடுத்துத் தமிழில் அச்சிட்டு வழங்கினால், அப்புறம் வேண்டுமா வேண்டாமா என்பதை நெசவாளியும் வியாபாரியும் தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.