காணாமல் போகும் சரக்கும் கடைப் பையன் சம்பளமும்

மே 5 வணிகர் தின மாநாடுகளில் நாம் வரியைப் பற்றிப் பேசுகிறோம். உரிமக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறோம். பெருநிறுவனங்களும் ஆன்லைன் வியாபாரமும் நம்மை நெருக்குவதைப் பற்றி மேடை அதிரப் பேசுகிறோம். ஆனால் நம் கடைக்குள்ளேயே, அலமாரிக்கும் கல்லாவுக்கும் இடையிலுள்ள பத்தடி தூரத்தில் சரக்கு காணாமல் போவதைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேச்சு எழுவதில்லை. வெளியில் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கலாம். பையன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும், பிறகு பேச என்ன இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இரண்டாவது நினைப்பைப் பற்றித்தான் வணிகப் பெருமக்களிடம் சற்று மனம் விட்டுப் பேச விரும்புகிறோம்.

நம் பழைய மளிகைக் கடைகளில் கடைத் திருட்டுக்கு இடம் குறைவு. வாடிக்கையாளர் வாசலில் நின்று சீட்டை நீட்டுவார். பையன் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டி வைப்பான். காசு கல்லாவில் விழுந்த பிறகுதான் சரக்கு அவர் கைக்குப் போகும். 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற வியாபாரி ‘பிக்லி விக்லி’ என்ற பெயரில் ஒரு மளிகைக் கடை திறந்து, வாடிக்கையாளரே உள்ளே வந்து கூடையில் எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். பத்துப் பேர் எடுத்துக் கொடுத்த வேலை மிச்சமாயிற்று. கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பதால் வியாபாரமும் கூடியது. அந்த முறை பல பத்தாண்டுகள் கழித்து நம் ஊர்களுக்கும் வந்தது. இன்று தாலுகா தலைநகரங்களில்கூட அண்ணாச்சி கடைகள் பலகையை எடுத்துவிட்டு, ரேக் போட்டு, கூடை கொடுத்து, கம்ப்யூட்டர் பில் போடுகின்றன. தப்பில்லை, காலத்துக்கேற்ற மாற்றம்தான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். ரேக் போட்டதால் ஆள் சம்பளம் குறைந்தது, விற்பனை கூடியது. இந்த லாபம் முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது. அதே ரேக் போட்டதால் வந்த நஷ்டம் மட்டும் எப்படிப் பையனைச் சேரும்? கரண்ட் பில், வாடகை, எலி கடித்த மூட்டை போல இதுவும் கடை நடத்தும் செலவுகளில் ஒன்று.

செலவு சிறியது என்று சொல்ல வரவில்லை. 370 ரூபாய்க்கு வாங்கி 400 ரூபாய்க்கு விற்கும் நெய் பாட்டில் ஒன்று போனால், அந்த 370 ரூபாயை எடுக்க அதே நெய்யில் பன்னிரண்டு பாட்டில் விற்றாலும் போதாது. பதின்மூன்றாவதும் விற்க வேண்டும். மளிகையில் லாபம் மெல்லியது என்பதால் அடி பலமாக விழுகிறது. போகும் சரக்கும் எப்போதும் ஒரே வகைதான்: கைக்குள் அடங்குவதும் விலை கூடியதும். ஏலக்காய், முந்திரி, காப்பித்தூள், குழந்தைப் பால் பவுடர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷேவிங் பிளேடு, சாக்லேட். பத்துக் கிலோ அரிசி மூட்டையை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதில்லை. அப்படியிருக்க, இந்த ஏழெட்டுச் சரக்கை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டாலே பாதித் தலைவலி போகும். கேமரா வாங்கக் கடன் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து, காணாமல் போனதெல்லாம் திருட்டா என்று பார்க்க வேண்டும். மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பெட்டியில் 48 இருக்க வேண்டியது 46 இருந்திருக்கலாம். இறக்கும் அவசரத்தில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருப்போம். புளி, வெல்லம், மிளகாய் வற்றல் ஆகியவை ஈரம் வற்றி எடை குறையும். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதில் கிலோவுக்கு ஐந்து கிராம், பத்துக் கிராம் கூடுதலாகப் போகும். கம்ப்யூட்டரில் அரைக்கிலோ கோடுக்குப் பதில் கால்கிலோ கோடு அடிபடும். காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்பியதைப் பதிவு செய்ய விட்டிருப்போம். முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போன சாமான் பேரேட்டில் ஏறியிருக்காது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை இருப்பு எடுக்கும் கடையில் இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ‘திருட்டு’ என்ற ஒரே பெயரில் நிற்கின்றன. விலை கூடிய இருபது சரக்கை மட்டும் வாரம் ஒருநாள் காலையில், கடை திறக்குமுன் எண்ணி எழுதி வந்தால், எது எந்த வாரம் குறைந்தது என்று தெரியும். அது தெரிந்தால் காரணமும் தெரியும். அரைமணி நேர வேலை இது.

இதைச் செய்யாமல் மாதக் கடைசியில் 1,800 ரூபாய் சரக்குக் குறைகிறது, ஆறு பையன்கள், தலைக்கு 300 என்று பிரித்துப் பிடிப்பது பல ஊர்களில் நடக்கிறது. சட்டம் இதை ஏற்கவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் சொன்னதையே, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. தொழிலாளியின் பொறுப்பில் குறிப்பாக ஒப்படைத்த சரக்கு, அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நஷ்டப்பட்டிருந்தால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதுவும் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்ட பிறகே. நஷ்டத்தொகைக்கு மேல் ஒரு பைசாவும் கூடாது. நாலு பேர் நடமாடும் ரேக்கில் இருந்த சரக்கை யாரிடம் ஒப்படைத்தோம் என்று சொல்ல முடியும்? ஆறு பேர் தலையில் சமமாகப் போடுவது, ஆறு பேரில் யார் பொறுப்பு என்று நமக்கே தெரியாது என்பதை நாமே எழுதிக் கொடுப்பதாகும்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிடித்தம்தான் கடையில் கை ஓங்க வைக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு கடைவீதியில் நடந்தது இது. ஊர், பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமேயான ஒரு பையன், ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டதைப் பார்த்து, வாசலைத் தாண்டியதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். பாட்டில் கீழே விழுந்து உடைந்தது, அந்த அம்மாள் கையில் கீறல், கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று பிற்பாடு கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: “போன மாசம் ஐந்நூறு பிடிச்சிட்டாங்கண்ணே. இந்த மாசமும் பிடிச்சா ஊருக்கு என்ன அனுப்புவேன்?” அவன் திருடியைப் பிடிக்க ஓடவில்லை, தன் சம்பளத்தைப் பிடிக்க ஓடினான். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்த வழக்கு வந்தால் அவன் மட்டுமா நிற்பான்? கடைப் பலகையில் உள்ள பெயரும் சேர்ந்து நிற்கும்.

பிடித்தத்துக்கு ஆளாகும் பையன் இரண்டில் ஒன்று செய்வான். ஒன்று, இப்படிக் கை வைப்பான். இல்லையேல், எப்படியும் பிடிக்கத்தானே போகிறார்கள் என்று தானே ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்வான். ஊழியர் திருட்டு என்பது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 306. அப்படி உறுதியாகத் தெரிந்தால் தயங்காமல் புகார் கொடுக்கட்டும். சந்தேகத்துக்குச் சம்பளத்தை வெட்டுவது அதற்கு மாற்று ஆகாது.

வாடிக்கையாளர் திருட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 303(2) பிரிவின்படி, திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமுதாயச் சேவைதான். அத்தகைய சிறு திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசாரே விசாரணையில் இறங்க முடியாது. கடையைச் சரக்குப் பாதுகாக்கும் கட்டடமாகக் கொண்டு 305-வது பிரிவைப் போட்டால் நிலைமை வேறு. எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது காவல் நிலையம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் அல்ல. பொதுமக்களில் ஒருவர் குற்றவாளியைப் பிடித்து வைக்கலாம் என்ற விதி இருப்பது உண்மை. அது ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நம் கண்ணெதிரே நடந்தால் மட்டுமே. அப்போதும் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைத்தாக வேண்டும். குடோனில் பூட்டி வைப்பதற்கோ, தூணில் கட்டுவதற்கோ, பையையும் உடம்பையும் தடவிப் பார்ப்பதற்கோ நமக்கு எந்த அதிகாரமும் இல்லை.

2018 பிப்ரவரியில், நம் கோவைக்குப் பக்கத்தில், கேரளத்து அட்டப்பாடியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடைகளில் அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, அடித்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றிச் செல்லும்போதே அவர் உயிர் போனது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு கடுங்காவல். அன்று காலையில் அவர்களில் யாரும் கொலை செய்வோம் என்று நினைத்து வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். அரிசி விலை என்ன, ஏழாண்டின் விலை என்ன?

“இப்படியெல்லாம் இரக்கம் பார்த்தால் நாங்கள் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்” என்று சில அன்பர்கள் சொல்வது காதில் விழுகிறது. கடுமையினால் திருட்டு ஒழிந்ததா என்பதற்கு இங்கிலாந்தின் கதை ஒன்று போதும். 1699-இல் அங்கே கடைத் திருட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள்: ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள சரக்கைத் திருடினால் தூக்கு. நடந்தது என்ன? ஒரு ரிப்பனுக்காக ஓர் ஏழைப் பெண்ணைத் தூக்கு மேடைக்கு அனுப்ப மனமின்றிப் பல கடைக்காரர்கள் வழக்கே தொடுக்கவில்லை. வழக்கு வந்தபோதும், திருடிய சரக்கின் மதிப்பு நாலு ஷில்லிங் பத்துப் பென்ஸ்தான் என்று ஜூரிகள் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லி உயிரைக் காப்பாற்றினார்கள். 1820-களில் அந்தத் தூக்குத் தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்தே போயிற்று.

சரி, பையன் கண்ணெதிரே ஒருவர் பாக்கெட்டை மறைக்கிறார், என்ன செய்வது? பக்கத்தில் போய், “அக்கா, கூடை தரட்டுமா?” என்று கேட்பதுதான். பில் போடுமிடத்தில், “வேற ஏதாவது பில் போடணுங்களாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்பது. மறைத்தவர்களில் பலர் அந்த இடத்திலேயே, “அடடா, மறந்துட்டேன்” என்று எடுத்து வைத்துவிடுவார்கள். மறந்துவிட்டார் என்றே நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். மெய்யாகவே மறப்பவர்களும் இருக்கிறார்கள், முக்கியமாக வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும். எடுத்து வைக்காமல் வாசலைத் தாண்டிவிட்டால், போகட்டும். பின்னால் ஓடக்கூடாது. நேரம், சரக்கு, கேமராப் பதிவு இருந்தால் அது, எல்லாவற்றையும் குறித்து முதலாளியிடம் சொல்வதோடு பையன் வேலை முடிந்தது. புகார் கொடுப்பதா, அடுத்த முறை வரும்போது தனியே அழைத்துப் பேசுவதா என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு.

உள்ளே வரும் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து “வாங்க” என்று சொல்லும் கடையில் கை நீளுவது குறைவு. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டேயிருக்கும் பையன் மாலை ஏழு மணிக்கு யாரை நிமிர்ந்து பார்ப்பான்? ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியபோது நம்மில் சிலர் முணுமுணுத்தோம். ஒரு ஸ்டூல் போட்டுப் பார்த்தால் காவலும் கூடுவது தெரியும். இன்னொன்று: அழுக்குச் சேலையைப் பின்தொடர்ந்து ரேக் ரேக்காகப் போகும் நம் கண், காரில் வந்து இறங்குபவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. விலை கூடிய முந்திரி பாக்கெட் போவது எந்தப் பையில் என்பதைக் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சில கடைகளில் ‘திருடினால் பத்து மடங்கு அபராதம்’ என்று போர்டு தொங்குகிறது. அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு, கடைக்கு இல்லை. மிரட்டிப் பணம் வாங்கினால் குற்றம் நம் பக்கம் திரும்பும். கேமராவில் விழுந்த முகத்தை அச்சடித்து வாசலில் ஒட்டுவதும், வாட்ஸ்அப் குழுக்களில் ‘திருடி, உஷார்’ என்று சுற்றுக்கு விடுவதும் அதே கதைதான். ஆள் மாறாட்டமாக இருந்துவிட்டால் அவதூறு வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். பதிவைப் போலீசாரிடம் கொடுங்கள், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு ஞாயிறு மாலை முதலாளிகளையும் கடைப் பணியாளர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, உள்ளூர் காவல் ஆய்வாளரையும் அழைத்து, இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வடநாட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது நம் கடைகளில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியிலும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். சரக்குக் குறைவுக்குச் சம்பளத்தில் கை வைப்பதில்லை என்று அங்கேயே ஒரு தீர்மானம் போட்டு, பணியாளர்கள் முன்னிலையிலேயே வாசித்துவிட்டால் நல்லது. தீர்மானம் போட்ட கிளைகள் அதன் நகலை நமக்கு அனுப்பி வைத்தால் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.