புகார் அளிப்பவரின் படிப்பு பறிபோகக் கூடாது

முனைவர் பட்ட ஆய்வாளரின் முன்னேற்ற அறிக்கையில் நெறியாளர் கையெழுத்திட வேண்டும். உதவித்தொகைக்கான படிவத்திலும் அவரே கையெழுத்திட வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் அவருடைய ஒப்புதல் வேண்டும். அந்த நெறியாளரே முறைகேடாக நடந்துகொண்டால் ஆய்வாளர் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு விதிமுறைகளில் விடை இருக்கிறது. வளாகங்களில் அந்த விடை எளிதில் கிடைப்பதில்லை. உயர்கல்வி நிர்வாகங்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டிய அபாயம் இது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை 2013-இல் சட்டமாயின. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பை விரிவாக்கின. மாணவர்களின் பிற குறைகளைத் தீர்க்க 2023-இல் தனி விதிமுறைகள் வந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பாதிக்கப்பட்ட பிறகு வந்த சட்டம். அடுத்தவர் பாதிக்கப்படும் முன் அது செயல்பட வேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு எப்படி அமைய வேண்டும் என்பதில் 2015 விதிமுறை தெளிவாக இருக்கிறது. மூத்த பெண் ஆசிரியர் தலைமை ஏற்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இடம்பெற வேண்டும். மாணவர் தொடர்பான புகாரென்றால், இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூவர் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற அதிகாரப் பொறுப்பில் உள்ளவர்கள் உறுப்பினராகக் கூடாது. நிர்வாகத்தின் நிழல் குழுவின் மீது விழக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

குழுவை அமைத்து ஆணை வெளியிடுவதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 2013 சட்டம் வந்து பத்தாண்டு ஆன நிலையிலும் அதன் அமலாக்கத்தில் கடுமையான குறைபாடுகள் இருப்பதாக 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. குழு உறுப்பினர்களின் தொடர்பு விவரங்களை இணையதளத்தில் வெளியிடவும் அறிவுறுத்தியது. விடுதி அறிவிப்புப் பலகையில் உணவுப் பட்டியல் இருக்கிறது. கட்டண நிலுவைப் பட்டியல் இருக்கிறது. புகார்க் குழுவினரின் பெயர்களும் எண்களும் அதே பலகையில் இருக்க வேண்டும். யாரிடம் சொல்வது என்று தெரியாத மாணவருக்குக் குழு இருந்தும் இல்லாததே. இது முதல் தடை.

பேசித் தீர்க்கும் வழக்கம் இரண்டாவது தடை. புகார் எழுந்ததும் துறைத் தலைவரின் அறைக்கு இரு தரப்பையும் அழைத்து, துறையின் பெயரைக் காப்பாற்றச் சொல்வது விசாரணை ஆகாது. பாதிக்கப்பட்டவர் தாமே கோரினால் மட்டுமே சமரசத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. அதிலும் பணம் கொடுத்துத் தீர்ப்பதைத் தடுக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பது சட்டம் விதிக்கும் கெடு. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பேச்சுவார்த்தையில் கழியும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கெடுவைத் தின்கிறது.

பழிவாங்கல் குறித்த அச்சம் மூன்றாவது தடை. இதுவே ஆகப் பெரியது. விசாரணை நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரரின் தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடக் கூடாது என்று 2015 விதிமுறைகளின்படி தடுக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு உரிமைகள் குறையாமல் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். நிரூபிக்க முடியாத புகாரெல்லாம் பொய்ப் புகார் ஆகாது என்றும் சட்டம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமைக்கு மாணவரின் மதிப்பெண் பணயமாகக் கூடாது.

புகாரும் மாணவர் நலனும் தனித்தனிக் கோப்புகள் அல்ல. விசாரணைக்கு 90 நாள் ஆகலாம். அந்த நாள்களில் மாணவர் வகுப்புக்குப் போக வேண்டும்; தேர்வு எழுத வேண்டும்; அதே விடுதியில் உறங்க வேண்டும். 2022-இல் மட்டும் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் கூறுகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிவாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. புகார் அளித்தவர்களைப் பழிவாங்குவதைப் பொறுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. பாடம் நடத்தி மதிப்பெண் போடும் ஆசிரியரையே ஆலோசகராக அறிவித்து இந்த ஆணையை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டக் கூடாது.

பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் வேண்டாம். குழுவை அமைப்பது நிர்வாகத் தலைமையின் பொறுப்பு. பரிந்துரை கிடைத்த 30 நாளுக்குள் நடவடிக்கை எடுப்பதும் அதன் பொறுப்பு. அதைக் கேள்வி கேட்பது ஆட்சிமன்றக் குழுவின் பொறுப்பு. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விதிமுறைகளை மீறும் நிறுவனத்தின் மானியத்தை நிறுத்தவும் வழி உண்டு. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது ஒழுங்குமுறை அமைப்புகள், அரசுகள் ஆகியவற்றின் பொறுப்பு.

மூன்று நடவடிக்கைகள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும். முதலாவது, புகார் பதிவான ஒரு வாரத்துக்குள் மாற்று நெறியாளரோ மாற்று மதிப்பீட்டாளரோ நியமிக்கப்பட வேண்டும். பதிவுக் காலமும் உதவித்தொகையும் தடைபடக் கூடாது. இரண்டாவது, மனநல ஆலோசகர் முழுநேரப் பணியாளராக இருக்க வேண்டும். அவரிடம் மாணவர் சொன்னவை ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போகக் கூடாது. மூன்றாவது, வந்த புகார்கள், முடிந்தவை, நிலுவையில் உள்ளவை எத்தனை என்பதை, அடையாளம் எதையும் வெளியிடாமல், ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும்.

மாணவர்களும் பெற்றோரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக விசாரணை, காவல் நிலையத்தில் புகார் அளிக்கும் உரிமையைப் பறிப்பதில்லை. அவ்வாறு புகார் அளிக்க விரும்பும் பெண்ணுக்கு உதவ வேண்டியது நிறுவனத்தின் சட்டக் கடமை. ராகிங் புகாருக்கு 1800-180-5522, பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். புகார் வரவே இல்லை என்பதை எந்த நிர்வாகமும் சாதனையாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. புகார் அளித்த மாணவர் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார் என்பதே அந்த நிர்வாகம் காட்ட வேண்டிய சான்று.