நோயாளியின் ஏடு யாருக்குச் சொந்தம்?

அரசாங்க வைத்தியசாலையொன்றின் வாசலிலே, கிளினிக் நாளன்று, விடியுமுன்னர் வந்து காத்து நிற்பவர்களை நம்மில் அறியாதார் இலர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொலித்தீன் பை. பைக்குள்ளே ஒரு கொப்பி. மூலைகள் மடிந்து, எண்ணெய் படிந்து, மட்டை கழன்றுபோன அந்தக் கிளினிக் கொப்பியே பத்து வருட நீரிழிவின், இருபது வருட இரத்த அழுத்தத்தின் முழு வரலாறு. கொப்பியைத் தொலைத்தவர் தமது வரலாற்றையே தொலைத்தவராவார். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரத்து வீடுகளுடன் அந்த ஏடுகளையும் கொண்டு சென்றது. 2009 இல் வன்னியிலிருந்து உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறிய மக்களிற் பலருடன் நோய் கூட வந்தது. நோயின் பதிவு வரவில்லை. முகாமில் வைத்தியர் கேட்ட முதற் கேள்விக்கு, “வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று” என்பதற்கு மேல் அவர்களாற் சொல்ல முடிந்திருக்குமா?

இந்த ஏடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு பிரசைக்கும் ஒரு தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கவேண்டும் என்று இன்று கூறப்படுகின்றது. பல அரசாங்க வைத்தியசாலைகளில் இவ்வேலை ஏற்கெனவே தொடங்கியும் விட்டது. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால், எதை வரவேற்கின்றோம், எதனை எதிர்க்கின்றோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நமது கடமையாகும்.

முதலில் நமது அணியைச் சேர்ந்த நண்பர்களுக்கு ஒரு சொல். “மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்குக் கணினி எதற்கு? இது ஆலோசகர்களினதும் கொந்துறாத்துக்காரரினதும் விளையாட்டு” என்று அவர்கள் ஏளனஞ் செய்கின்றனர். கொந்துறாத்துக்காரர் உள்ளனர் என்பது மெய்யே. ஆயினும், பதிவு இல்லாமையால் நட்டமடைபவர் யார் என்று அவர்கள் சிந்தித்ததுண்டா? காலையில் அரசாங்க வைத்தியசாலையிற் பணிபுரியும் அதே வைத்திய நிபுணரையே மாலையில் தனியார் சனலிங் நிலையத்திற் காசு கட்டிக் காண்கின்றோம். காலையில் எழுதப்பட்டது மாலையில் அவர் மேசைக்கு வருவதில்லை. போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு எங்கோ ஒரு கோவையிற் கிடக்க, அதே பரிசோதனைக்கு இன்னொரு முறை பணங் கட்டுகின்றோம். செல்வந்தனுக்கு அவனது நோயை நினைவில் வைத்திருக்கக் குடும்ப வைத்தியர் ஒருவர் இருக்கின்றார். ஏழைக்கு நினைவாக இருப்பது கொப்பி ஒன்றே. பதிவின்மை என்பது ஏழைமீது விதிக்கப்பட்ட ஒரு மறைமுக வரி. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டபோது அதனை வரியென்று எல்லோரும் கண்டுகொண்டனர். (இடதுசாரிகளும் பங்குகொண்ட அரசாங்கமே அதனை விதித்தது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.) அந்த 25 சதம் பின்னர் நீங்கிற்று. இந்த வரியோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி, எதிர்ப்புக்கு வருவோம். கணினிமயம் பற்றிப் பேசுவோர் கூறும் நன்மைகள் யாவை? வரிசை குறையும், மருந்து கொடுக்கும் இடத்துக்குத் துண்டு விரைவிற் போய்ச் சேரும், அமைச்சுக்குப் புள்ளிவிபரம் கிடைக்கும். யாவும் நல்லனவே. ஆனால், இவற்றில் நோயாளி எங்கே? தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே திறந்து வாசிக்கும் உரிமை அவருக்கு உண்டா? வார்டிலே கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பி.எச்.டி. என்னும் பதிவை நோயாளி எடுத்துப் புரட்டினால் என்ன நிகழும் என்பதை அங்கு படுத்தெழும்பியவர்கள் அறிவர். வீடு திரும்பும்போது அந்தப் பதிவு வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். நோயாளியின் கைக்கு வருவது ஒரேயொரு நோய் நிர்ணய அட்டை. கணினி வந்தபின் கொப்பியும் போய், அட்டையும் போய், ஓர் இலக்கம் மாத்திரமே கையில் எஞ்சுமானால், அது முன்னேற்றமா? அலுமாரியின் பூட்டை இயந்திரத்துக்கு மாற்றியதைத் தவிர வேறென்ன நடந்தது?

நம் வாசகர்களிற் பெரும்பாலோர் ஆசிரியர்கள். தவணை முடிவில் மாணவனின் தேர்ச்சியறிக்கையைப் பெற்றோருக்கு அனுப்பி, கையொப்பம் பெற்றுத் திரும்ப வாங்குபவர்கள் நாம். பத்து வயதுப் பிள்ளையின் கணக்குப் புள்ளியை அறியத் தந்தைக்கு உள்ள உரிமை, தன் ஈரலைப் பற்றி அறிய அத் தந்தைக்கு இல்லை!

“நோயாளிக்கு விளங்காது, அஞ்சிவிடுவார், வீண் சச்சரவுக்கு வருவார்” என்பது வைத்தியர் தரப்பின் பழைய வாதம். இது பரீட்சித்துப் பார்க்கப்பட்ட விடயம். 2010 இல் அமெரிக்காவின் மூன்று இடங்களில் 105 வைத்தியர்கள் தாம் எழுதும் குறிப்புகளைப் 13,000 க்கும் அதிகமான நோயாளருக்கு ஓராண்டு காலம் திறந்துவிட்டனர். 2012 இல் முடிவு வெளியாயிற்று. நோயாளரில் ஏறத்தாழ அனைவரும் இது தொடரவேண்டும் என்றனர்; மருந்தை முன்னரிலும் ஒழுங்காக எடுப்பதாகப் பெரும்பான்மையோர் கூறினர். ஆண்டு நிறைவில் இதனை நிறுத்திவிடும்படி கேட்ட வைத்தியர் ஒருவரேனும் இலர். அது வசதி படைத்த நாட்டின் கதை என்பவர்களுக்கு நமது நாட்டையே காட்டுவோம். இலங்கையிலே கர்ப்பிணித் தாயின் பதிவேடு தாயின் கையிலேதான் இருக்கின்றது. குழந்தையின் நிறையும் தடுப்பூசியும் குறிக்கப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை வைத்திருப்பவளும் தாயே. குடும்பநல மாது வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைக் காட்டி விளக்க, எழுத்து வாசனை குறைந்த தாயும் தன் பிள்ளையின் வளர்ச்சி சரிகின்றதா என்று அறிந்துகொள்கின்றாள். தாய் சேய் மரணத்தைக் குறைத்தமைக்காக உலகம் இந்நாட்டைப் புகழ்கின்றதே; அந்தச் சேவை ஏட்டைத் தாயிடம் கொடுத்தே நடந்தது. பிள்ளையின் ஏட்டைப் பாதுகாக்கத் தகுதியுள்ளவள் தன் ஏட்டுக்குத் தகுதியற்றவளா?

இங்கேதான் மொழிப் பிரச்சினை எழுகின்றது. ஏட்டைத் திறந்துவிட்டாலும் உள்ளே இருப்பது ஆங்கிலம். அதுவும் சுருக்கெழுத்து ஆங்கிலம். பி.டி. என்றால் நாளுக்கு இரு தடவை, டி.டி.எஸ். என்றால் மூன்று தடவை என்பன இலத்தீனிலிருந்து வந்த குறிகள். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சிங்களம் அதற்கு முன்னரே அவ்வாறாயிற்று. ஆனால், வைத்தியசாலைக் கோவைக்குள் இரண்டும் இன்னும் நுழையவில்லை. மொனராகலையின் சிங்கள விவசாயியும் மஸ்கெலியாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் மொழியின் பெயரால் ஒருவரோடொருவர் மோதவைக்கப்பட்டவர்கள். தமது நோயைப் பொறுத்தவரை இருவரும் நிற்பது ஒரே இருட்டில்.

“வைத்தியத்தைத் தமிழிற் சொல்ல இயலாது” என்று கூற முன்வருவோர் மானிப்பாய்க்குப் போய்வருவது நன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார். சத்திர சிகிச்சை பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867 இல் தமிழ் நூலாக வெளிவந்தது. அவர் மிஷனரி, அவருடைய நோக்கங்கள் எல்லாம் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும், நோயாளியின் மொழியில் வைத்தியன் பேச வேண்டும் என்பதை அந்நியர் ஒருவர் அன்றே உணர்ந்து செய்தும் காட்டினார். இன்று வைத்தியர் ஆங்கிலச் சொல்லைத் தெரிவு செய்யும்போதே அதற்கு நேரான தமிழும் சிங்களமும் நோயாளியின் பிரதியில் விழச் செய்வது கணினிக்கு அரிய காரியமன்று. இதைக் கையெழுத்துக் கொப்பி ஒருபோதும் செய்யாது. கணினியை நாம் வேண்டுவதற்கு முதன்மையான காரணமே இதுதான்.

பாதுகாப்பைப் பற்றியும் பேசாதிருத்தல் இயலாது. 2021 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கணினித் தரவுகள் பெருமளவில் அழிந்தன. 2023 இல் அரசாங்கத்தின் கணினித் தொகுதி தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மீட்கத்தக்க பிரதி இருக்கவில்லை. கடிதம் அழிந்தால் இன்னொன்று எழுதலாம். இருதய நோயாளியின் பத்து வருடத்தை எப்படி மீள எழுதுவது? களவு வேறு. பின்லாந்தில் உளச்சிகிச்சை நிலையமொன்றின் பதிவுகளைத் திருடியவர்கள் 2020 இல் நோயாளர்களையே தனித்தனியாக மிரட்டிப் பணங் கேட்டனர். விற்பனை இன்னொன்று. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை ஓரிடத்திற் குவிக்க 2013 இல் வகுத்த திட்டம், அவை யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு மக்கள் ஏற்கத்தக்க பதிலின்றி 2016 இற் கைவிடப்பட்டது. காப்புறுதிக் கம்பனியும் வேலைகொள்வோனும் நமது குருதியின் கணக்கைப் படிக்க ஆவலுடன் உள்ளனர் என்பதில் ஐயமில்லை.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. எஸ்தோனியாவில் 2008 முதல் இயங்கும் தேசியத் தொகுதியில், தன் பதிவை எந்த வைத்தியர் எந்நாளிற் பார்த்தார் என்பதை நோயாளியே பார்க்கலாம். பார்ப்பவனைப் பார்க்கும் இந்த உரிமையை நாமும் கேட்கின்றோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் வைத்துள்ளது. சட்டப் புத்தகத்தில் உள்ளது வைத்தியசாலைக் கருமபீடத்தில் கிடைக்கின்றதா என்பதே கேள்வி. தரவுக் களஞ்சியம் பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும். கம்பனியொன்று ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் நாளில் நோயாளர் பணயமாக நிற்கக் கூடாது.

காகிதத்தை உடனே ஒழித்துவிட வேண்டும் என்பவர்களுக்கும் சம்மதமில்லை. 2022 மார்ச்சில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதே மாதத்திற் காகிதமில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஒன்று தவறும்போது மற்றது இருக்கவேண்டும் என்பதற்கு இதனிலும் பெரிய பாடம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளினிக் முடிவிலும் நோயாளியின் மொழியில் அச்சிட்ட ஒரு தாள் அவர் கையிற் கொடுக்கப்படட்டும். கைத்தொலைபேசி இல்லாதவருக்கு அதுவே பதிவு. உள்ளவருக்கு அது பிரதி.

சொற்பட்டியலை ஆக்குவது யார் என்ற கேள்வி எஞ்சுகின்றது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கான கிளினிக்குகளிலே வழங்கும் சொற்கள் எண்ணிலடங்காதன அல்ல. ஒரு வைத்தியர், ஒரு தாதி, விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், சிங்கள ஆசிரியர் ஒருவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் வேலை தொடங்கிவிடும். அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஆகஸ்ட் விடுமுறையிலேயே தொடங்கலாம்.