மெர்சிங்கிற்கும் சென்று வருவோம்

பள்ளிச் சுற்றுலா என்றதும் தலைநகரின் பேரங்காடிகளையே நாடுகிறோம். செம்பனைக்கிடையே வளரும் நம் பிள்ளைகளுள் ஜொகூர்க் கீழைக்கரையின் மெர்சிங்கைக் கண்டவர் எத்தனை பேர்? மீன்பிடிப் படகுகள் நிறைந்த சிற்றூர்தான். ஆற்றுமுகம் ஆழமற்றதாதலின், தீவுப் படகுகள் கடலேற்றத்திற்குக் காத்திருந்தே புறப்படும். கடிகாரத்தை விடுத்துக் கடலைக் கேட்டு நடக்கும் ஊரைக் காண்பதும் பாடமன்றோ!

ராவா, சிபு, தியோமான் தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1994ஆம் ஆண்டு கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளம் வெறுங்கல்லன்று, உயிர். பாறைபோல் திரளும் பவளம் ஓராண்டில் ஏறத்தாழ 1 செண்டிமீட்டரே வளரும். ஒரு கணத்தில் உடைப்பதை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் வேண்டும். ஆதலின், மாடி விடுதிகள் பெருகினால்தான் ஊர் உயரும் என்பாரின் கூற்றை யான் ஏற்கேன். பெற்றோர்களே, நவம்பரில் பருவக்காற்று தொடங்குமுன் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைத் தீவில் விடாது திரும்பக் கொண்டு வாருங்கள்.