பெல்ட் நிற்கட்டும், அப்புறம் அள்ளலாம்!

கழுகுமலைக்குப் போகிறவர்கள் வெட்டுவான் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலைப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த ஒற்றைக்கல் கோயில். வேலை முழுசாக முடியாமலே நிற்கிறது. சிற்பியின் உளியை எல்லோரும் புகழ்வார்கள். உளி உதிர்த்த சில்லுகளை அள்ளிச் சுமந்தவர்களை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் அள்ளாமல் விட்டிருந்தால், அடுத்த அடி கீழே இறங்க சிற்பிக்குக் கால் வைக்க இடம் இருந்திருக்காது.

இன்றைக்குக் கல்லை உடைக்க கிரஷர் வந்துவிட்டது. சிந்தியதை அள்ளும் வேலை மட்டும் இன்னும் மண்வெட்டியும் சட்டியுமாக, மனிதக் கையில்தான் இருக்கிறது. கிரஷரில் கூலி குறைந்த வேலைகளில் ஒன்று அது. ஆபத்து அதிகமுள்ள வேலைகளிலும் ஒன்று.

ஏன் சிந்துகிறது?

குவாரியில் வேட்டு வைத்துப் பெயர்த்த கல்லை லாரி கொண்டுவந்து ஹாப்பரில் கொட்டும். ஜா கிரஷரின் இரண்டு இரும்புத் தாடைகள் அதை நொறுக்கும். பிறகு கன்வேயர் பெல்ட் ஏறி, சல்லடையில் பிரிந்து ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ், எம்-சாண்ட் என்று தனித்தனியாகக் குவியும்.

இந்தப் பயணத்தில் பல இடங்களில் கல் சிந்துகிறது. கல் பெல்ட்டின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் சிந்தும். பக்கவாட்டு ரப்பர் தேய்ந்திருந்தாலும் சிந்தும். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினாலும், அளவுக்கு மீறி ஏற்றினாலும் சிந்தும். பெல்ட்டில் ஒட்டிய ஈரத்தூள், அது திரும்பி வரும் வழியெல்லாம் உதிரும்.

உதிர்ந்தது அப்படியே கிடந்தால் குவியல் வளர்ந்து பெல்ட்டின் அடிப்பக்கத்தைத் தொடும். ரோலர் இறுகும், பெல்ட் தேயும், இன்னும் ஒதுங்கும், இன்னும் சிந்தும். அதனால்தான் "சீக்கிரம் அள்ளு" என்று அவசரப்படுத்துகிறார்கள். அவசரத்தில் யாரும் பெல்ட்டை நிறுத்துவதில்லை.

அரை நொடிக் கணக்கு

ஒரு பெல்ட் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க மெதுவாகத்தான் தெரியும். அரை நொடியில் அது 75 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு மனிதக் கையின் நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பெல்ட்டின் கடைசியில் உள்ள புல்லியில் மண்வெட்டி சிக்கினால், "விட்டுவிட வேண்டும்" என்று மூளை நினைப்பதற்குள் கை உள்ளே போயிருக்கும். தலையில் கட்டிய துண்டு, தளர்ந்த லுங்கி, சேலை முந்தானை, பின்னல் என எது சிக்கினாலும் கதை ஒன்றுதான்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அன்றே யோசித்திருக்கிறது. சுழலும் பாகங்களுக்கு வேலித் தடுப்பு வேண்டும் என்றது. விசை தரும் இயந்திரங்களும் அந்த விசையைக் கடத்தும் பாகங்களும் ஓடும்போது, அவற்றைச் சுத்தம் செய்யப் பெண்களையும் சிறு வயதினரையும் விடக் கூடாது என்றது. ஆண்களின் கை மட்டும் இரும்பால் ஆனதா என்ன? ஓடும்போது யாருமே அள்ளாமல் இருப்பதுதான் சரியான வழக்கம்.

பூட்டும் சாவியும்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே ஆள் குனிந்திருப்பது தெரியாமல் இன்னொருவர் வந்து போட்டுவிடலாம். மெயின் சுவிட்சை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை அள்ளப் போகிறவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வெளியே வந்தால்தான் பூட்டு திறக்கும். ஒரு பூட்டு என்ன விலை இருந்துவிடப் போகிறது?

கரண்ட் போன பிறகும் ஜா கிரஷரின் கனத்த சக்கரங்கள் உடனே நிற்பதில்லை. கல் ஏறிய சரிவான பெல்ட் பின்னோக்கி உருளக்கூடும். தாடையில் சிக்கிய கல் திடீரென்று நழுவலாம். எல்லாம் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கிட்டே போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சிந்தல்

ஜல்லி கண்ணுக்குத் தெரியும். தூசியில் பாதகமான பகுதி தெரியாது. கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதை உடைக்கும்போது எழும் சிலிக்கா துகளில் 5 மைக்ரானுக்கும் குறைவானவை நுரையீரலின் அடி ஆழம் வரை போய்த் தங்கிவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவு புரியும். முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. என்-95 போன்ற முகக்கவசம் வேண்டும்.

இதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. காசநோய் என்றே தவறாக நினைத்து மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு.

மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து பழங்குடி மக்கள் குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நோயோடு ஊர் திரும்பினார்கள். இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வந்தது, ஆள் வரவில்லை.

கரிசல் காட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று, அள்ளாமல் கிடக்கும் தூளையும் தூக்கிக்கொண்டு போகும். பக்கத்துப் புஞ்சையின் பருத்தி இலையிலும், காயப்போட்ட மிளகாய் வத்தலிலும் அது படியும்.

அதனால்தான் கிரஷர் வளாகத்தின் தரையைத் தவறாமல் சுத்தம் செய்து நனைத்து வைக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. முதலில் தண்ணீர், அப்புறம்தான் விளக்குமாறு. காய்ந்த தூளைப் பெருக்கினால், தரையில் கிடந்ததை நெஞ்சுக்குள் மாற்றியதாகத்தான் ஆகும்.

முதலாளிக்கும் லாபம்தான்

பக்கவாட்டு ரப்பரை மாற்றுவது, பெல்ட்டில் ஒட்டும் தூளை வழிக்க ஒரு ஸ்கிரேப்பர் வைப்பது, கல் நடுவில் விழும்படி சரிசெய்வது, புல்லிக்கு வலைத் தடுப்பு போடுவது... இவ்வளவும் செய்தால் அள்ள வேண்டியதே பாதியாகக் குறையும். சிந்தும் ஜல்லியும் காசுதானே?

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

கிரஷர் வேலைக்குப் போகிறவரின் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள். வெளியிலேயே தண்ணீரில் நனைத்து, தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்கும் முன் அவர் குளித்துவிடட்டும். வாரக்கணக்கில் இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால் மருத்துவரிடம் "கிரஷரில் வேலை" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு சொல், எக்ஸ்ரேவைப் பார்க்கும் கண்ணையே மாற்றும்.

காலையில் தூக்குவாளியைக் கையில் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: "பெல்ட்டை நிறுத்திட்டுத்தானே அள்ளுறீங்க?" பதில் சொல்லாமல் சிரித்தால், சாயங்காலம் திரும்பவும் கேளுங்கள்.