மடை நம்மது, மதகு யார் கையில்?

ஊருக்கு ஃபைபர் வந்தாச்சு, இனி டவுனும் கிராமமும் ஒண்ணுதான் என்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

என் மகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டுகிறான். வீட்டுக்குள்ளே நல்லா ஓடுது. வெளியூர்ல இருக்கிற கூட்டாளி சேரணும்னா ரவுட்டர்ல 25565ங்கிற போர்ட்டைத் திறந்து, அந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடணும். மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணி விடுற மாதிரிதான். திறந்தான். யாரும் வந்து சேர முடியல.

காரணம், மேல் மதகு கம்பெனிக்காரங்க கையில. ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு வைக்கிறாங்க. உங்க ரவுட்டர்ல வெளி முகவரி 100.64 முதல் 100.127க்குள்ள தொடங்கினா நீங்களும் பங்காளிதான். வெளியே இருந்து வர்றவனுக்கு எந்த வீடுன்னு தெரியாது.

பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரி. நம்ம ஆசியப் பக்கம் 2011லேயே தட்டுப்பாடு. பங்கு வைப்பதை நான் குற்றம் சொல்லல. ஆனால் ஐபிவி6 முகவரி கொட்டிக் கிடக்கு. அதை வீட்டுக்கு வீடு ஒழுங்கா குடுக்க என்ன தடை?

விளையாட்டுதானேன்னு விடாதீங்க. நாளைக்குத் தோட்டத்துக் கேமராவை நேரா பார்க்கணும்னாலும், வீட்டிலிருந்தே ஒரு இணையதளம் நடத்தணும்னாலும் இதே கதைதான். டெயில்ஸ்கேல் மாதிரி சுத்துவழி இருக்கு. அதுக்கும் இன்னொருத்தர் தயவு வேணும்.

புது இணைப்பு வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்காதீங்க. "பொது ஐபி உண்டா, ஐபிவி6 உண்டா?"ன்னும் கேளுங்க. டவுன்ல நீங்க கேட்டாத்தான் எங்க ஊருக்கும் வரும்.